கழுத்து எப்படி? பிக்கப் எப்படி?

கையால் பிடித்துப் பார்த்து, காதால் கேட்டு வாங்க வேண்டிய ஒரு பொருளை ஜனங்கள் கண்ணால் மட்டும் பார்த்து வாங்கிப் போவதைச் சிரித்த முகத்தோடு வேடிக்கை பார்க்கிற தொழிலுக்குத்தான் எலெக்ட்ரிக் கிட்டார் வியாபாரம் என்று பெயர்.

ஜவுளிக்கடையில் அலமாரி முழுக்கச் சேலையைப் பிரித்துப் போட்டபின் "சும்மா பாக்கத்தான் வந்தோம்" என்ற வார்த்தையைக் கேட்டவர்களே, செருப்புக்கடையில் குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்தவர்களே, செல்போன் கடையில் "இதே மாடல் ஆன்லைன்ல கம்மியாமே" என்று சொல்லப்பட்டவர்களே, நீங்கள் எல்லாரும் எனக்கு ஒன்றுவிட்ட சொந்தம். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

என் பெயர் கிரேஸ். பாளையங்கோட்டையில் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கப் பழகினவள். கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்தபோது, கிட்டார் தெரிந்த ஒரு மனுஷி தேவைப்பட்ட ஒரே இடம் திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற இந்தக் கடைதான். பாதிக் கடையில் மின்விசிறி, மிக்ஸி, இன்வெர்ட்டர். மீதிப் பாதியில் கீபோர்டு, தபேலா, கிட்டார். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். மின்விசிறிக்கும் கிட்டாருக்கும் அண்ணாச்சி அறிந்த வித்தியாசம், ஒன்றைக் கூரையில் மாட்ட வேண்டும், இன்னொன்றைச் சுவரில் மாட்ட வேண்டும் என்பதுதான்.

கிட்டார் வாங்க வருகிறவர்களிடம் நான் இரண்டு விஷயம் சொல்லுவேன். ஒன்று கழுத்து. இடது கையால் பிடிக்கிற அந்த நீளக் கட்டை, உங்கள் கைக்கு வாகாக இருக்க வேண்டும். இன்னொன்று பிக்கப். கம்பிகளுக்கு அடியில் பதித்திருக்கிற காந்தக் கட்டை, நீங்கள் வாசிக்கப்போகிற எல்லா வகைப் பாட்டுக்கும் வளைந்து கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் பெயிண்ட். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் பெயிண்டைத் தேர்ந்தெடுத்து முடித்திருப்பார்கள்.

சாறு உள்ள கிட்டார்

புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் காலேஜில் படிக்கிற மகனுக்குக் கிட்டார் வாங்க வந்தார். மகன் வரவில்லை, பரீட்சையாம். பையனுக்குக் கை பெரிதா சின்னதா என்று கேட்டேன். "நல்ல பிள்ளை" என்றார். என்ன மாதிரி பாட்டு வாசிப்பான் என்று கேட்டேன். "ரொம்ப நல்ல பிள்ளை" என்றார். அதற்குமேல் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அவர் தேர்ந்தெடுத்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு கிட்டாராக இறக்கச் சொன்னார். இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி எடை பார்த்தார். விரலை மடக்கித் தட்டினார். ஒன்றை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார். கடைசியில், இருப்பதிலேயே கனமானதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இதுலதான் சாறு இருக்கு" என்று முடிவு சொன்னார்.

அந்தக் கிட்டாரின் கழுத்து மம்பட்டிப் பிடி மாதிரி தடி. புதிதாகப் பழகுகிற பையனுக்கு முதல் வாரத்திலேயே பெருவிரல் மடங்காது. மெல்லிய கழுத்துள்ள இன்னொன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, பின்பக்கம் எவ்வளவு சப்பையாக இருக்கிறது, விரல் எப்படி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்று நீண்ட பிரசங்கம் செய்தேன். நல்ல மனுஷர், குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். பிறகு தடிக் கழுத்தையே எடுத்துக்கொண்டு சொன்னார்: "கழுத்து தடியா இருந்தா என்ன, மெலிசா இருந்தா என்ன தாயி? மாலையா போடப் போறோம்?"

முறுக்கினால் பறக்கும்

ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால், கிட்டார் பக்கம் அண்ணாச்சி நின்று வியாபாரம் செய்துகொண்டிருந்தார். எதிரே ஒரு இளைஞர், விவரமானவர் போலிருந்தார். "இதுல பிக்கப் எப்படி அண்ணாச்சி?" என்று சரியான கேள்வியைத் தவறான ஆளிடம் கேட்டார். அண்ணாச்சி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பிக்கப்பா? முறுக்குனா பிச்சுக்கிட்டுப் போகும். மேட்டுல கூடத் திணறாது" என்றார்.

இளைஞர் மரியாதைக்காரர். சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் விளக்கினேன். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். ஒரு சுருள் மட்டும் இருந்தால் சிங்கிள் காயில். சத்தம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், ஆனால் ட்யூப் லைட் பக்கம் போனாலே வண்டு மாதிரி இரையும். இரண்டு சுருளை ஜோடியாக வைத்தால் ஹம்பக்கர். இரைச்சல் அடங்கிவிடும், சத்தமும் கொஞ்சம் தடிக்கும். ஹம்பக்கரும் வைத்து, வேண்டும்போது ஒரு சுருளை மட்டும் நிறுத்திவைக்கிற குமிழும் வைத்திருந்தால், மெலடிக்கும் ஆகும், குத்துப்பாட்டுக்கும் ஆகும். இளைஞர் புரிந்துகொண்டு, வாசித்துப் பார்த்து, நல்லதாக ஒன்றை வாங்கிப் போனார். அப்படியும் சிலர் உண்டு, பயப்படாதீர்கள்.

அவர் போனபிறகு அண்ணாச்சி முகம் சரியில்லை. ஏதோ கோபம். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தார். என்ன அண்ணாச்சி என்றேன். "காந்தம், செம்புக் கம்பி, சுருளு. அப்ப உள்ள இருக்கது நம்ம ஃபேன் மோட்டாருதான! இத ஏம்மா இத்தன நாளா என்கிட்ட மறைச்ச?"

எத்தனை யூனிட்?

ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் பேத்தி ஆசைப்பட்டாள் என்று வந்தார். கழுத்து, பிக்கப் எல்லாம் சொல்லி முடித்தேன். "அதெல்லாம் இருக்கட்டும், மாசம் எத்தன யூனிட் ஓடும்?" என்றார். கிட்டார் கரண்ட் குடிக்காது சார், அதோடு இணைக்கிற ஸ்பீக்கர் பெட்டிதான் குடிக்கும், அதுவும் ஒரு குண்டு பல்பு அளவுகூட வராது என்றேன். ஷாக் அடிக்குமா என்றார். அடிக்காது என்றேன். மழைக்காலத்தில்? மழைக்காலத்திலும் அடிக்காது. ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வாசிக்கலாமா? தாராளமாக. நான் பேத்தியின் கைக்கு ஏற்ற மாதிரி சின்னக் கழுத்தாக ஒன்றை எடுத்து வைத்து, இனிமேல் கேள்வி இருக்காது என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டபோது, அவர் முகத்தில் புதிதாக ஒரு கவலை படர்ந்தது. "பாதிப் பாட்டுல கரண்ட் போயிட்டா? அண்ணாச்சி, அந்த இன்வெர்ட்டரையும் சேத்தே எடுத்து வையுங்க." அன்றைக்கு அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பாசத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதனால்தான், இந்தத் துணுக்கு வாத்தியார் சொன்னதோடு முடிந்திருக்க வேண்டும் என்றாலும், அண்ணாச்சி சொன்னதையும் சேர்த்துவிடுகிறேன்: "கிட்டாரு விக்கிறது ஒன்னும் கஷ்டமில்லம்மா. நீதான் ரொம்பப் பேசுத."

ஆராய்ச்சி மன்னர்

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்க்கிற தம்பி ஒருவர். காலையில் கடை திறந்ததும் வந்தார். கழுத்தின் பின்பக்கம் என்ன வளைவு, விரல் படுகிற பலகையின் மேல்பக்கம் எவ்வளவு வட்டம், மேப்பிள் மரமா வேறு மரமா, காந்தம் எந்த ரகம் என்று வரிசையாகக் கேட்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமாக ஒருத்தராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவள் நான். மொத்தக் கிட்டாரையும் இறக்கினேன். ஒவ்வொன்றையும் செல்போனில் ஏதோ வீடியோவோடு ஒப்பிட்டார். "இதுல சத்தம் மறையுறதுக்குள்ள ஒரு இனிப்பு வருது, கவனிச்சீங்களா?" என்றார். நான் கவனித்ததாகச் சொன்னேன். வாத்தியத்தை இன்னும் ஸ்பீக்கர் பெட்டியில்கூடச் சொருகவில்லை என்பதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

மத்தியானம் ஆனது. அவரும் போகவில்லை, நானும் சாப்பிடப் போகவில்லை. கடைசியாக ஒரு கிட்டாரைச் சொருகி, மடியில் வைத்து, "வாசிச்சுப் பாருங்க தம்பி, கை சொல்லிரும்" என்றேன். அவர் அதைக் கைக்குழந்தையை முதல்முதலாக வாங்குகிற ஆண்பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "வாசிக்க இன்னும் ஆரம்பிக்கலக்கா. இப்பத்தான் ரிசர்ச் முடிஞ்சிருக்கு."

கடல் தாண்டி ஒரு கை

கடையநல்லூரிலிருந்து காதர் என்று ஒருவர் வந்தார். தறி நெய்கிற கை, காய்ப்பு ஏறிய விரல். கிட்டார் அவருக்கு இல்லையாம், சவுதியில் இருக்கிற மச்சானுக்காம். மச்சான் அங்கே ரூமில் கூட இருக்கிறவர்களிடம் கிட்டார் பழகியிருக்கிறார். லீவில் ஊருக்கு வரும்போது வீட்டில் ஒன்று தயாராக இருக்க வேண்டும். ஆனால் கழுத்துப் பிடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பதில் மச்சான் உறுதியாக இருந்தார். அந்த விஷயம் தெரிந்த மனுஷர் என் எதிரே நிற்காமல் கடல் தாண்டி இருந்தார் என்பதுதான் என் யோகம்.

செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்ததும் வீடியோவில் மச்சான் வந்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ் கைதான் அக்கா. மச்சான் பிடிச்சுப் பாக்கட்டும், நான் முடிவு பண்ணுதேன்" என்றார். காதர் தன் வாழ்நாளில் கிட்டாரைத் தொட்டதில்லை. "பெருவிரல் மேல எட்டிப் பாக்குதா மச்சான்?" என்று போனிலிருந்து கேள்வி. பாக்குது. "மணிக்கட்டு மடங்குதா?" மடங்குது. "சுண்டுவிரல நீட்டுங்க, வலிக்கா?" வலிக்கி. "அப்ப அடுத்தத எடுங்க." இப்படியே வெயில் தாழும்வரை போனது. காதர் முகத்தில் வேர்வை. கிட்டார் கழுத்தை அவர் பிடித்திருந்த பிடியில் இப்போது மச்சான் கழுத்தும் கலந்திருப்பதாக எனக்குத் தோன்றியது.

கடைசியில் நடுத்தரமான, வார்னிஷ் பளபளப்பு இல்லாத ஒரு கழுத்தில் விரல் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்தன. வேர்க்கிற ஊருக்கு அதுதான் சரி, பளபளப்பான கழுத்தில் உள்ளங்கை ஒட்டிக்கொள்ளும். மச்சானுக்கு ஏக சந்தோஷம். "இப்ப எப்படி இருக்கு மச்சான், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். காதர் வாசல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "பெருவிரல் வருது, சுண்டுவிரல் வருது. கடையநல்லூர் பஸ்ஸுதான் போயிட்டு இருக்கு."

கண்ணை மூடினால் தெரியும்

இந்த இடத்தில் கிண்டலைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன், முழுதாக வைக்க முடியுமா தெரியவில்லை. மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக்காரர் தங்கப்பாண்டி. பகலில் மானாவாரிக் காட்டில் வேலை, கொடைத் திருவிழாக் காலத்தில் கோவில் கோவிலாகப் போகிற இன்னிசைக் குழுவில் கிட்டார். ஒரு மத்தியானம் தனியாக வந்து பழைய கிட்டாரை மேஜைமேல் வைத்தார். இடது கையில் பெருவிரலிலிருந்து மணிக்கட்டு வரை வலித்து, அப்புறம் மரத்தும் போகிறது என்றார். பாட்டின் நடுவே கழுத்தைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியாதாம். புற்றுமண் தடவிப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் போனார். கைக்கு ஓய்வு வேண்டும், பாரம் தருகிற வேலையை விட்டுவிடு என்றிருக்கிறார் டாக்டர். "எத விட? மம்பட்டியவா, கிட்டாரவா?" என்று என்னிடம் கேட்டார். அதற்குள் குழுவை நடத்துகிற கணபதி மாஸ்டர் அவருக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வருகிற கொடையில் கை நின்றுவிட்டால், அதற்குப் பிறகு கிட்டார் பகுதியையும் கீபோர்டுக்காரரே வாசித்துவிடுவார். கீபோர்டில் அதற்குத் தனியாக ஒரு பட்டன் இருக்கிறதாம். மாஸ்டர் அதைச் சொன்னபோது கீபோர்டுக்காரர் அந்தப் பட்டனை அழுத்திக் காட்டினாராம்.

பழைய கிட்டாரைப் பார்த்தேன். தடிக் கழுத்து, வார்னிஷ் வேர்வையில் பிசுபிசுவென்று இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, தோள்பட்டையிலிருந்து தொங்குகிற வார் முழங்கால்வரை இறங்கியிருந்தது. அப்படித் தொங்கினால் மணிக்கட்டை முழுக்க மடக்கித்தான் கம்பியைத் தொட முடியும். ஏன் இவ்வளவு கீழே என்றேன். "அப்பத்தான் ஸ்டைலா இருக்கும்னு மாஸ்டர் சொல்லுவாரு." மாஸ்டருக்கு மணிக்கட்டு வலி இல்லை என்பதால் அவருக்கு ஸ்டைல் தெரிந்திருந்தது. வாரைச் சுருக்கி நெஞ்சுவரை ஏற்றினேன். புதுக் கிட்டார்களை எடுத்தேன். அவர் கண் நேராகக் கறுப்பு நிறத்துக்கே போனது. அதனால், "கண்ண மூடிக்கோங்க. கையில எது வருதோ அத வாசிங்க" என்றேன். ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். ஒன்றில் கழுத்து பிடிபடவில்லை. இன்னொன்று கைக்குச் சரி, ஆனால் எங்கள் கடை ட்யூப் லைட்டுக்கே இரைந்தது. கொடை மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடும்போது அது என்ன பாடு படுத்தும் என்று அவருக்கே தெரியும், தலையை ஆட்டினார்.

அடுத்ததைக் கொடுத்தேன். மெல்லிய, பளபளப்பில்லாத கழுத்து. அதன்மேல் குறுக்கே பதித்திருக்கிற உலோகப் பட்டைகளுக்கு நடுவே இடைவெளியும் கொஞ்சம் குறைவு. இரண்டு ஹம்பக்கர், குமிழை இழுத்தால் ஒற்றைச் சுருள். அவர் கை கழுத்தின்மேல் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது. அப்புறம் வேறு கிட்டார் கேட்கவில்லை. மெதுவான பாட்டு ஒன்று வாசித்தார். குமிழை இழுத்துவிட்டு, மேடைகளில் அவர் கை வழக்கமாக நின்றுபோகிற வேகமான தாளத்துக்கு வந்தார். மின்விசிறி விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். முடித்ததும், பழக்கத்தில் இடது கையை உதறப் போனார். உதறுவதற்கு எதுவும் இல்லாததுபோல் கை அந்தரத்திலேயே நின்றது. "வலிக்கலையேக்கா" என்றார். அப்புறம்தான் கண்ணைத் திறந்து மடியைப் பார்த்தார். பளீரென்று ரோஸ் கலர். யாருக்கோ அனுப்ப வேண்டியது எங்களுக்கு மாறி வந்து, யாரும் சீண்டாமல் மூலையில் கிடந்த கிட்டார். பிறகு சொன்னார்: "அப்ப கொடையிலயும் கண்ண மூடிக்கிட்டே வாசிச்சிர வேண்டியதுதான்."

மாஸ்டரின் மானம்

மறுநாள் தங்கப்பாண்டியோடு மாஸ்டரும் வந்தார். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு. கிட்டாரை எட்டி நின்றே பார்த்தார், கிட்டே வந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. "ஏம்மா, கொடைக்கு வாரவன் பாட்டுக் கேக்க வாரானா, இதப் பாத்துச் சிரிக்க வாரானா?" என்றார். கழுத்தைப் பற்றிச் சொன்னேன். பிக்கப்பைப் பற்றிச் சொன்னேன். தங்கப்பாண்டியின் கையைப் பற்றிச் சொன்னேன். "எல்லாம் சரிதான், கறுப்புல இதையே கொடுங்க" என்றார். கறுப்பில் இதே கழுத்து இல்லை. அண்ணாச்சிக்கு உடனே யோசனை பிறந்தது, பக்கத்துத் தெருவில் டூவீலருக்குப் பெயிண்ட் அடிக்கிறவரைக் கூட்டி வந்தார். அவர் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிரித்து, தேய்த்து, அடித்து, காயவைக்க ஒரு வாரம் ஆகும் என்றார். கொடை அடுத்த நாள்.

"அப்ப வேற கறுப்புக் கிட்டார எடுல" என்றார் மாஸ்டர். தங்கப்பாண்டி மாஸ்டரை எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லையாம். கிட்டாரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "கறுப்புதான் வேணும்னா நீங்களே வாசிச்சுக்கோங்க மாஸ்டர். என் கைக்கு இதுதான்" என்றார். கடையில் இருந்த எல்லா மின்விசிறியும் ஓடுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது. மாஸ்டர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் கழுத்தில் போட்டார். இத்தனை வருஷக் குழு அந்த இடத்தில் உடையப்போகிறது என்றுதான் நினைத்தேன். அப்போது கல்லாவிலிருந்து அண்ணாச்சி எழுந்து வந்து, இரண்டு பேர் தோளிலும் கை வைத்துச் சமாதானம் சொன்னார்: "எதுக்கு வே சண்ட? ரோஸ் கலருக்கு வேணும்னா நான் தனியா ஒரு வாரண்டி எழுதித் தாரேன்."

கொடை மேடை

மறுநாள் பொழுது அடைந்ததும் வீட்டுக்காரரோடு வண்டியில் போய் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். வாங்கினவர் எப்படி வாசிக்கிறார் என்று பார்க்கப் போகிற விற்பனையாளர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மிக்ஸி விற்றவர்கள் யாரும் சட்னி அரைப்பதைப் பார்க்கப் போவதில்லை. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது, சுற்றிலும் சீரியல் லைட். கீபோர்டுக்காரர் பட்டன்மேல் விரலை வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். தங்கப்பாண்டி கிட்டாரை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். முன்வரிசை இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். "ஏலே, பஞ்சுமிட்டாய் வருதுலே!" என்று ஒரு குரல். கூட்டம் சிரித்தது. மாஸ்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். தங்கப்பாண்டி சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

மெதுவான பாட்டுகள் முடிந்து, வேகமான பாட்டு வந்தது. நான் அவர் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சேலைத் தலைப்பு என் கையில் கசங்கி முறுக்கேறிப் போயிருந்தது. வழக்கமாகக் கை நிற்கிற இடம் என்று அவர் எனக்கு வாசித்துக் காட்டியிருந்த இடம் வந்தது. கீபோர்டுக்காரர் அவரையே பார்த்தார். கை நிற்கவில்லை. அந்தப் பாட்டும் முடிந்து, அடுத்த பாட்டும் போனது. ஜெனரேட்டர் இரைச்சல் கிட்டாருக்குள் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே இளவட்டங்கள், "பஞ்சுமிட்டாய் அண்ணே, இன்னொன்னு!" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது அது கேலி இல்லை. தங்கப்பாண்டி கண்ணைத் திறந்தார். கீபோர்டுக்காரர் விரலைப் பட்டனிலிருந்து எடுத்தார்.

மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை வலது கையால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன், பயந்துகொண்டேதான் கேட்டேன். "வலிக்கத்தான் செய்யுது. ஆனா பாட்டு முடியுற வரைக்கும் காத்திருந்து, பொறவுதான் வருதுக்கா" என்றார். அதை ஒரு பரிசு மாதிரி சொன்னார். காட்டு வேலையை இந்தச் சீசன் முடிகிறவரை தம்பி பார்த்துக்கொள்வதாகவும், டாக்டரிடம் மறுபடியும் போகப்போவதாகவும் சொன்னார். வாரை இன்னும் ஒரு ஓட்டை ஏற்றிக் கட்டிவிட்டேன்.

அந்த நேரம் கோவில் கமிட்டிக்காரர்கள் மாலையோடு வந்து, கிட்டார் ரொம்பப் பிரமாதம், கூட்டம் கலையாமல் நின்றதே அதனால்தான் என்றார்கள். தங்கப்பாண்டி வாயைத் திறந்து என் பக்கம் கை காட்டப் போனார். அவருக்கு முன்னால் மாஸ்டர் வந்து நின்று, மாலையைத் தன் கழுத்தில் வாங்கிக்கொண்டு, ரொம்ப அடக்கமாகச் சொன்னார்: "கலர் செலக்‌ஷன் மட்டும் நம்மது. பாக்கியெல்லாம் அம்மன் அருள்."

கைக்கு ஏற்ற கிட்டாரைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதுவரைதான் என் வேலை, அதனால் வருகிற பெருமைக்கு மட்டும் யாரும் அளவு பார்ப்பதில்லை, பக்கத்தில் நிற்கிறவர் எவரோ அவருக்கு அது தைத்து வைத்ததுபோல் பொருந்திவிடுகிறது.